கோவளத்துப் பிரியாணியும் கிண்டி ஊசியும்

2021 ஜூன் மாதத் தொடக்கம். கொரோனாவின் இரண்டாம் அலை முழுதாக ஓயவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கோவளத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். குலுக்கலிலும் பெயர் சேர்த்துக்கொண்டார்கள். பரிசுப் பட்டியலில் மிக்சி, தங்கக் காசு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் இருந்தன. எஸ்.டி.எஸ். ஃபவுண்டேஷன், சி.என்.ராமதாஸ் டிரஸ்ட், சிராஜ் டிரஸ்ட் ஆகிய தொண்டு அமைப்புகள் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. கோவளத்தைக் கொரோனா இல்லாத ஊராக ஆக்கிக் காட்டுவது என்று இறங்கியிருந்தார்கள்.

அன்று வந்த செய்திகளின்படி ஊரின் மக்கள்தொகை 14,300. ஊசி போடத் தகுதியுள்ளவர்கள் 6,400 பேர். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கையை நீட்டியவர்கள் 58 பேர்தான். பிரியாணி அறிவிப்புக்குப் பிறகு மூன்றே நாளில் 345 பேர் வந்துவிட்டார்கள்.

நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் காட்டின. பார்த்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். அந்த 345 பேரைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. முன்பு வந்த 58 பேரைப் பற்றி, அதாவது வராமல் நின்ற ஆறாயிரத்துச் சொச்சம் பேரைப் பற்றி, நின்று யோசித்தவர்கள் குறைவு. தர்காவும் மாதா கோயிலும் மீனவர் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் கோவளம். சுனாமியைப் பார்த்த ஊர். அங்குள்ளவர்களுக்கு ஆபத்து என்றால் என்னவென்று தெரியாது என யாரும் சொல்லிவிட முடியாது. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கடலுக்குப் போக முடியாது என்ற கணக்கு ஒரு பக்கம். அரசாங்கம் கொடுக்கும் மருந்தின் மேல் உள்ள சந்தேகம் இன்னொரு பக்கம். இந்தச் சந்தேகத்துக்கு அறியாமை என்று பெயர் வைப்பது சுலபம். ஆனால் சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதற்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சந்தேகப்பட்டவர்கள் எல்லா நேரமும் தவறாக இருக்கவில்லை.

முதலில் பெரியம்மை. ஜென்னரின் பசு அம்மைப்பால் 1802இல் பம்பாய் வந்து இறங்கியது. அதே ஆண்டு சென்னைக்கும் வந்தது. அந்தக் காலத்தில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. நூலில் தோய்த்துக் காயவைத்து அனுப்பினால் வெயிலில் வீரியம் போய்விடும். அதனால் ஒரு குழந்தையின் கையில் அம்மை குத்தி, எட்டாம் நாள் அளவில் கொப்புளம் எழும்பியதும் அதிலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றுவார்கள். இப்படிக் கைக்குக் கை, ஊருக்கு ஊர் மருந்து நகர்ந்தது. யார் வீட்டுக் குழந்தையின் கொப்புளத்து நீர் யார் வீட்டுக் குழந்தைக்குப் போகிறது என்ற கேள்வி சாதி பார்க்கும் சமூகத்தில் எழாமல் இருக்குமா? தவிர, கொப்புளம் எழும்பிய குழந்தையை அடுத்தவர்களுக்காகக் கொண்டுவந்து காட்டவும் வேண்டும். வலிக்கும் கையோடு இருக்கும் பிள்ளையை எந்தத் தாயும் மனமுவந்து தூக்கிக்கொண்டு வரமாட்டாள்.

இந்தத் தயக்கத்தை உடைக்க நடந்த ஒரு முயற்சி இன்றைக்கும் படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். திருக்குறளை மொழிபெயர்த்தவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே சொன்னவர், சென்னையில் கிணறுகள் வெட்டிக் கல்வெட்டு வைத்தவர் என்று தமிழர்கள் மதிப்போடு நினைக்கும் எல்லீஸ் துரை, அம்மை குத்துவதைப் பற்றிச் சம்ஸ்கிருதத்தில் ஒரு சிறு செய்யுள் நூல் இயற்றினாராம். அதைப் பழைய தாளில் எழுதி, எங்கேயோ கண்டெடுத்த பழஞ்சுவடி போலக் காட்டினார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. பசுவின் மடியிலிருந்து வரும் மருந்து நம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று பிராமணர்கள் நம்பிவிட்டால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள் என்பது எண்ணம். 1819 ஜனவரியில் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் வந்த கடிதமும் இதே கருத்தை எழுதியது. மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் இதை நல்லெண்ண மோசடி என்கிறார்கள்.

நோக்கம் உயிர்களைக் காப்பது. அதில் ஐயமில்லை. மருந்தும் நல்ல மருந்து. ஆனாலும் மக்களுக்கு உண்மையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, எதையாவது காட்டி இணங்க வைத்தால் போதும் என்ற முடிவு அதில் ஒளிந்திருக்கிறது. பின்னால் வந்த பல சுகாதார இயக்கங்களிலும் அந்த எண்ணத்தின் சாயலைப் பார்க்க முடிகிறது.

கைக்குக் கை ஏற்றும் முறை போய்க் கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. அதற்கான பெரிய உற்பத்திக்கூடமாகத்தான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் உருவானது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி.கிங்கின் பெயர் அதற்கு நிலைத்தது. அம்மைப்பாலில் தொடங்கிய இந்த வளாகத்துக்கு அடுத்த அரை நூற்றாண்டில் இன்னொரு ஊசி வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் தடுப்பூசியைப் பற்றி நடந்த மிகப் பெரிய வாதம் அதைச் சுற்றித்தான்.

அதன் பெயர் பி.சி.ஜி. சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு, 1948இல், கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் திறக்கப்பட்டது. மதனப்பள்ளியில் சிறிய அளவில் தொடங்கிய ஊசி இயக்கம் சில ஆண்டுகளில் நாடு தழுவியதாக வளர்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் துணை நின்றன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குத்தினார்கள். காசநோய் வீட்டுக்கு வீடு ஆளைத் தின்றுகொண்டிருந்த காலம். ஒரு ஊசியால் அதைத் தடுக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

வேண்டாம் என்றவர் ராஜாஜி. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், 1954 ஏப்ரல் வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர். 1955இல் பி.சி.ஜி.யைத் தான் ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவருக்கு முன்பே சென்னையில் ஏ.வி.ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் தம் பத்திரிகையில் இடைவிடாமல் எழுதிவந்தார். காசநோய் வறுமையாலும் நெரிசலான குடியிருப்பாலும் வருகிறது, அதைச் சரிசெய்யாமல் ஊசியை நீட்டுவது திசைதிருப்பல் என்பது ராமனின் கட்சி. ராஜாஜி கேட்டது வேறு: உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் ஏற்றுகிறீர்களே, இது பலிக்கும் என்பதற்கு நம் நாட்டில் என்ன நிரூபணம்? பெற்றோரிடம் முழு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கினீர்களா?

மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌரும் ராஜாஜியைப் போலவே காந்தியின் நிழலில் வளர்ந்தவர். அவர் ஊசியின் பக்கம் உறுதியாக நின்றார். நாட்டுக்காக ஒன்றாகச் சிறை சென்ற தலைமுறை இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரிந்தது. ராஜாஜியைப் பழமைவாதி என்று தள்ளிவிட்டுப் போனவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 1955இல் பி.சி.ஜி.யின் நிலைமை என்ன? பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையின் நல்ல முடிவு அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த சோதனையிலோ பயன் மிகக் குறைவாகவே தெரிந்தது. ஒரே ஊசி, இடத்துக்கு இடம் வேறு விடை. இந்தியாவில் என்ன விடை வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் நிரூபணம் இல்லை என்று ராஜாஜி சொன்னது அன்றைய நிலையில் சரியான வாக்கியம்தான். எதிர்ப்பின் வேகத்தில் அவர் ஊசியின் ஆபத்தைப் பெரிதாக்கினார் என்று சொல்லலாம். கேள்வியை மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை 1968இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தன. கோவளமும் அன்று இதே மாவட்டம்தான். சோதனை நடந்த பகுதி சென்னைக்கு மேற்கே, திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்கள். பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர்களைப் பதிந்தார்கள். ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை யாரையும் விடவில்லை. ஒருவருக்கு முழு அளவு பி.சி.ஜி., இன்னொருவருக்குப் பத்தில் ஒரு பங்கு, மூன்றாமவருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1971 வரை 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. அதன் பிறகு ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்து, யாருக்குக் காசநோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார்கள்.

1979இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் ஆடிப்போனது. முதல் ஏழரை ஆண்டுகளில் பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்திருந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்கு 27 சதவீத அளவில் சிறு பயன் என்றது அது. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு வகைக் கிருமிகளோடு நம் உடம்பு ஏற்கெனவே பழகிவிடுவதால் பி.சி.ஜி.யின் பலன் தெரியாமல் போகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களை அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆதாரங்கள் வலுவாக இருந்தன. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தையின் இடது கையில் அந்த ஊசி போடப்படுகிறது.

இந்தச் சோதனையின் பெருமை அதன் முடிவு எப்படி அமைந்தது என்பதில் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தானே நடத்திவந்த இயக்கத்தின் அடித்தளத்தையே அசைக்கும் விடை வந்தபோது, அரசும் ஆராய்ச்சிக் கழகமும் அதைப் பூட்டி வைக்கவில்லை. உலகத்தின் முன் வைத்தன. காசநோய் ஆய்வின் எந்தப் பாடநூலைத் திறந்தாலும் செங்கல்பட்டின் பெயர் இருக்கிறது. அந்த மாவட்டத்துப் பள்ளிப் பாடநூலில் அது இருக்க வேண்டாமா? தங்கள் தாத்தா பாட்டிகள் உலக மருத்துவத்துக்கு எதைக் கொடுத்தார்கள் என்று திருவள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக மேற்கே போனால் தாம்பரம். அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மருத்துவமனையின் பெயர். தாம்பரம் சானடோரியம். 1928 ஏப்ரலில் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் இல்லம் அது. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் அவர் நடத்திய இல்லத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார். திறந்த வெளிக் காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு: இதுவே அன்றைய வைத்தியம். வேறு மருந்து இல்லாத காலத்தில் உலகமே அதை நம்பியது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் முறையான சோதனை எதுவும் கிடையாது.

அதைச் சோதித்ததும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஊட்டமான உணவு, ஓய்வு. மறு பாதி தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும், அதற்குள் வந்துவிட்ட அதே காசநோய் மாத்திரைகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் இது வெளியானதும் உலகம் முழுவதும் காசநோய் இல்லங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின. பிரிட்டிஷ் ஆய்வாளர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள்.

தாம்பரம் மருத்துவமனைக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. தொண்ணூறுகளில், மற்ற மருத்துவமனைகள் தொடவே பயந்த நோயாளிகளைத் தாம்பரம் ஏற்றுக்கொண்டது. ஆந்திரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆங்கில மருந்துகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அப்போது அங்கே ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற மூன்று சித்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ.தெய்வநாயகம் நவீன மருத்துவம் படித்தவர். இந்தக் கூட்டு மருந்துக்காக வாதாடியவரும் அவர்தான். நோயாளிகளின் எடை கூடுகிறது, தெம்பு வருகிறது என்று ஆய்வுக் குறிப்பும் வெளியிட்டார். சேத்துப்பட்டிலும் திருவள்ளூரிலும் நடந்ததைப் போன்ற பெரிய ஒப்பீட்டுச் சோதனை அந்த மருந்துகளுக்குக் கிடைக்கவில்லை. ஆதரித்தவர்கள் ஆதரித்துக்கொண்டே இருந்தார்கள், மறுத்தவர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஆங்கிலக் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. வழி பிறந்தது. கைவிடப்பட்டவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கஷாயமும் கொடுத்த மருத்துவர்களைக் குறை சொல்ல மனம் வராது. அந்த மருந்து பலித்ததா இல்லையா என்பது கடைசிவரை உறுதியாகாமல் போனதுதான் இழப்பு.

2006இல் சிக்குன்குனியாவுக்கும் 2012இல் டெங்குவுக்கும் நிலவேம்புக் குடிநீர் என்ற இன்னொரு சித்த மருந்து ஊர் ஊராக வந்தது. அரசு மருத்துவமனை வாசலில், கட்சி அலுவலகத்தில், ரசிகர் மன்றத்தில் அண்டா வைத்துக் கொடுத்தார்கள். 2017 அக்டோபரில், ஆராய்ச்சி முடிவு தெரியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் மன்றத்தாரைக் கேட்டுக்கொண்டபோது பெரும் சண்டை மூண்டது. ஆதாரம் எங்கே என்று கேட்டதே தமிழ் மருத்துவத்துக்குச் செய்த துரோகமாகச் சிலருக்குப் பட்டது.

இதே காலத்தில் தடுப்பூசியின் பக்கம் இரண்டு அடிகள் விழுந்தன. 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதிர்ந்துபோன அரசு, கிராமத்துக்கே போய் ஊசி போடும் வழக்கத்தை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் இடத்துக்குத் தாய்மார்கள் வர வேண்டும் என்று மாற்றியது. 2005-06இல் தமிழ்நாட்டில் 80.9 சதவீதக் குழந்தைகள் எல்லா ஊசிகளையும் பெற்றிருந்தார்கள். 2015-16இல் அது 69.7ஆக இறங்கியது. தூரம் கூடியது ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்தது 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம். 1.76 கோடிக் குழந்தைகள் இலக்கு. வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளைக் கேட்டுச் சென்னையின் தனியார் பள்ளிப் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள். கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி ஆய்வு நிறுவனம் மூன்றின் உற்பத்தி உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. தரக் கட்டுப்பாட்டு விதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்பது காரணம். 2010இல் தடையை விலக்கினார்கள் என்றாலும் பழைய வேகம் திரும்பவில்லை. செங்கல்பட்டு அருகே திருமணியில் பல நூறு கோடி ரூபாயில் எழுந்த தடுப்பூசி வளாகம் உற்பத்தி இல்லாமல் கிடந்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநில அரசிடம் கொடுங்கள் என்று கேட்டார். பெருந்தொற்றின் நடுவில் ஒரு மாவட்டம் தன் சொந்த ஊசித் தொழிற்சாலையைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியூர் ஊசிக்குக் காத்திருந்தது.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் நடந்தவை அதிவேகமாக நடந்தன. 2020 மார்ச்சில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்களப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்சி குளோரோகுயினைப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 23 அன்று தமிழ்நாடு அரசு ‘ஆரோக்கியம்’ திட்டத்தைத் தொடங்கியது. பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர்ப் பொடி, தெருத்தெருவாக வந்தது. பிளாஸ்மா வங்கி வந்தது. அதே ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடத்திய சோதனையில் பிளாஸ்மாவால் பயனில்லை என்று அக்டோபரில் தெரிந்துவிட்டது. ஆனாலும் 2021 மே வரை அது அதிகாரபூர்வப் பட்டியலில் நீடித்தது. இந்த ஏழு மாத இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மா கொடுப்பவரைத் தேடி அலைந்தன என்பதை நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது.

ரெம்டெசிவிர் கதை இன்னும் கொடியது. அது இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை 2020 அக்டோபரிலேயே சொன்னது. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு அதை விற்கத் தொடங்கியபோது, தனியார் மருத்துவமனைகள் எழுதிக்கொடுத்த சீட்டோடு மக்கள் சாலையில் இரவெல்லாம் கிடந்தார்கள். வெளிமாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அங்கும் நெரிசல். கடைசியில் மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுப்பது என்றானது. அது உயிர்காக்கும் மருந்தல்ல என்று சுகாதாரச் செயலாளர் ராதாகிருஷ்ணன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் காதிலும் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் உண்டு: உயிரைக் காக்காது என்று சொல்லும் அதே அரசுதான் கவுன்டர் வைத்து விற்றது.

தடுப்பூசியின் வரவும் இந்தச் சூழலில்தான். 2020 நவம்பரில், சென்னையில் கோவிஷீல்டு சோதனையில் பங்கேற்ற ஒருவர் தமக்கு நரம்புப் பாதிப்பு வந்ததாகக் கூறி ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சீரம் இன்ஸ்டிடியூட் நூறு கோடிக்கு மேல் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று பதில் சொன்னது. ஊசிக்கும் அவருடைய உடல்நலக் குறைவுக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அது சரியாகவே இருக்கட்டும். தன் உடம்பைச் சோதனைக்குக் கொடுத்தவரை வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதைப் பார்த்த ஊர் என்ன நினைக்கும்? கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வருமுன்னே 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கிடைத்தது. ‘சோதனை முறையில்’ என்ற நிபந்தனையோடு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டார்கள். தமிழ்நாட்டில் முதலில் தயங்கியவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும்தான். தயக்கத்தைப் போக்க, சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் விஜயபாஸ்கர் தாமே கோவாக்சின் போட்டுக்கொண்டார்.

ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் பத்துக் கைகள் வேண்டும். நாலு பேர் வந்தால் மீதி குப்பைக்கு. ஏப்ரல் 11 வரை தமிழ்நாட்டில் வீணானது 12.1 சதவீதம், நாட்டிலேயே அதிகம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதில் சொன்னது. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டது அதற்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ஓமந்தூரார் மருத்துவமனையில். 17ஆம் தேதி விடியற்காலை அவர் மாரடைப்பால் இறந்தார். ஊசி பயத்துக்கு அவருடைய மரணமே காரணம் என்று பிறகு பேசப்பட்டது. ஆனால் குப்பிகள் அதற்கு முன்பிருந்தே வீணாகிக்கொண்டிருந்தன. அவருடைய ரத்தக் குழாயில் இருந்த அடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். வதந்தி பேசிய நடிகர் ஒருவருக்கு முன்ஜாமீன் கொடுக்கும்போது, தடுப்பூசி வாங்க இரண்டு லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். தேசிய வல்லுநர் குழு ஆராய்ந்து, தற்செயல் நிகழ்வு என்று அறிவித்தது அக்டோபரில். ஆறு மாதம்! மீன் ஏலம் போடும் இடத்தில் செய்தி பரவ ஆறு நிமிடம் ஆகாது.

கோவளத்தின் 58 பேர் இந்த ஏப்ரல், மே மாதங்களைச் சேர்ந்தவர்கள். அண்டையில் நடந்த சாவுகளையும் பார்த்து, பிரியாணியும் வந்து, ஊர் முன்வரத் தொடங்கிய ஜூனில் மாநிலத்தின் பல இடங்களில் ஊசி தீர்ந்துபோய் முகாம்களை மூடிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் யாரும் பிரியாணி கொடுக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஊசி இருந்தது, போட்டவர்கள் நலமாக இருப்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

பி.சி.ஜி.யின் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 ஜூலையில், முதியவர்களைக் கொரோனாவின் தீவிரத்திலிருந்து அது காக்குமா என்று பார்க்க, சேத்துப்பட்டு மையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனையைத் தொடங்கியது. 2024இல் நாட்டின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு மீண்டும் பி.சி.ஜி. போடும் ஆய்வு ஆரம்பமானது. முன்பு காசநோய் வந்தவர்கள், நோயாளிகளின் வீட்டார், சர்க்கரை நோயாளிகள், அறுபதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு, சம்மதம் கேட்ட பிறகே ஊசி. போட்டவர்களின் விவரங்கள் டி.பி.-வின் என்ற பதிவேட்டில் ஏறின. மூன்று ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஊசி போடாத மாவட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம்.